சிஸ்டர் உட்கார்ந்த இடங்கள்

சிஸ்டர் முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, "பூன எங்க ஒண்ணுக்குப் போவும்?" என்று மட்டும் கேட்டார். பாத்ரூம் மூலையில் இருந்த மண் டப்பாவைக் காட்டினேன். கைப்பையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, டப்பாவுக்குப் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டார்.

எங்கள் பூனை சோமு அப்போது என் வீட்டுக்காரரின் கம்பெனி யூனிஃபார்மில் ஒண்ணுக்கு அடித்துக்கொண்டிருந்தான். எத்தனை முறை துவைத்தாலும் வாடை போகவில்லை. வேலைக்குப் போன இடத்தில் கூட நிற்பவர்கள் மூக்கைப் பிடிக்கிறார்கள் என்று அவர் என்மேல் கோபமாக இருந்தார். "உன் பூனைய ஏதாவது லாரில ஏத்தி உட்டுடு" என்று சொல்லியிருந்தார்.

சிஸ்டர் தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, அந்த மூலையிலிருந்து பாத்ரூமைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் மரத்துப்போனால் மாற்றி உட்காருவோமே, அதுகூட இல்லை. கண் சிமிட்டியதாகவும் எனக்கு ஞாபகம் இல்லை. அவருடைய பையைப் பிடித்துக்கொண்டு நான் வாசலில் நின்றேன். எவ்வளவு நேரம் இப்படி நிற்பது, போய் காபி போடலாமா கூடாதா, ஒன்றும் புரியவில்லை. பிறகு, தலையைத் திருப்பாமலேயே, "மெஷின போடும்மா" என்றார்.

புதிதாக வாங்கி, டப்பாவுக்குப் பின்னால் நிறுத்தியிருந்த வாஷிங் மெஷின். போட்டேன். அது சுழன்று, கடைசியில் திமுதிமுவென்று ஆடி நின்றது. சிஸ்டர் எழுந்து வந்தார். முகத்தில் வேர்வை.

"இங்க குந்தினா முதுகுக்குப் பின்னால எவனோ வந்து நிக்கிற மாரி கீது. நானா இருந்தாலும் இங்க போவமாட்டேன். டப்பாவ அந்தாண்ட வையி."

டப்பாவைப் பின்கட்டுக் கதவோரம் மாற்றினேன். அன்றிலிருந்து சோமு யூனிஃபார்மைத் தொடவில்லை. ஆனால் அதன்பிறகு நான் பாத்ரூமில் துணி அலசும்போதெல்லாம் இரண்டு தடவையாவது திரும்பிப் பார்த்தேன்.

அவருக்கு அப்போது நாற்பது தாண்டியிருக்கும். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியின் முதலுதவி ரூமில் நர்ஸ். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு போர்ஷனில் தனியாக இருந்தார். ஒல்லியான உடம்பு, எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய தலை, சத்தமே வராத செருப்பு. தெருவில் எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். பூனை பிறாண்டிய கையோடு ஊசி போட்டுக்கொள்ள வந்த ஒரு பெண்ணிடம், பூனை ஏன் பிறாண்டியது என்று இவர் விசாரிக்கப்போய், அதிலிருந்து பூனை வைத்திருக்கிறவர்கள் ஒவ்வொருவராக இவரைத் தேடி வர ஆரம்பித்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

சாதாரணக் கேள்விகளுக்கு நின்ற இடத்திலேயே பதில் சொல்லிவிடுவார். புல்லைத் தின்று வாந்தி எடுக்கிறதே என்றால், "எடுக்கட்டும், வயித்த சுத்தம் பண்ணிக்குது" என்பார். பால் வைக்கலாமா என்றால், "தண்ணி வையி, பேதி ஆவாது" என்பார். குட்டிகளைக் கவ்விக்கொண்டு இடம் இடமாக மாற்றுகிறதே என்றால், "நீங்க போயிப் போயி எட்டிப் பாத்தா மாத்தாம இன்னா பண்ணும்?" காய்ச்சலாக இருக்கிறது என்று பூனைக்குப் பாராசிட்டமால் கொடுக்கப்போன ஒருத்தியை மட்டும் தெருவில் வைத்தே திட்டினார். "நமக்கு மருந்து, அதுக்கு வெசம். அரை மாத்திர போதும், செத்துடும்." உடம்புக்கு வந்தால், "மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கினு போ, அது டாக்டர் வேல" என்று முடித்துவிடுவார்.

டாக்டரும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால்தான் வீட்டுக்கு வருவார். வந்தால் பூனையைத் தொடமாட்டார், சரியாகப் பார்க்கக்கூட மாட்டார். அது எங்கே இருக்கிறதோ அந்த இடத்தில் போய் உட்கார்ந்து, அது பார்க்கிற பக்கம் பார்ப்பார். பரண்மேல் என்றால் ஸ்டூல் போட்டு ஏறிப் பரண்மேல். மேசைக்கு அடியில் என்றால் மேசைக்கு அடியில். "மேலேர்ந்து பாத்தா எல்லா ஊடும் ஒண்ணுதாம்மா" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

எங்கள் மாமனார் விஷயத்துக்கு அப்புறம்தான் எனக்கு அவரிடம் பயம் வந்தது. மாமா எங்களோடுதான் இருந்தார். சர்க்கரை வியாதி. பகல் முழுவதும் கட்டிலில் படுத்து டிவி பார்ப்பார். சோமு அவரை அண்டவே மாட்டான். அப்படிப்பட்டவன் ஒருநாள் போய் மாமாவின் இடது பாதத்தின்மேல் படுத்துக்கொண்டான். எட்டி உதைத்தால் இறங்குவான், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்து அதே பாதத்தில் படுப்பான். சாப்பிட மட்டும் எழுந்து போவான். பக்கத்து வீட்டு அம்மா வந்து பார்த்துவிட்டு, போகப்போறவங்க காலடியிலதான் பூனை இப்படிப் படுக்கும் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். மாமாவின் காதில் அது விழுந்துவிட்டது.

"நைனா, இது என்னிய இட்டுனு போறதுக்கு வந்துக்கீதுடா" என்று மகனிடம் சொல்லி அழுதார். அன்று ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை.

அடுத்த நாள் சாயங்காலம் டூட்டி முடிந்து வந்த சிஸ்டர், கட்டிலின் கால்மாட்டில் ஏறிச் சுருண்டு உட்கார்ந்தார். சோமு இறங்கிப் போய்விட்டான். சிஸ்டர் மாமாவின் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்து, குனிந்து, தன் கன்னத்தை அதன்மேல் வைத்துக்கொண்டார். மாமா காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சிஸ்டர் அப்படியே இருந்தார். தூங்கிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். தொண்டைக்குள்ளிருந்து கர்ரென்று ஒரு மெல்லிய சத்தம் வந்துகொண்டிருந்தது. அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி நின்றேன்.

"இந்தக் காலு மட்டும் சுடுது" என்றார் கடைசியில். "பூனைக்குச் சூடு வேணும், அதான் வந்து படுக்குது." விரல்களைப் பிரித்துக் காட்டினார். சுண்டுவிரலுக்குக் கீழே தோல் கறுத்து, அழுத்தினால் உள்ளே நீர் நகர்ந்தது. மரத்துப்போன கால், மாமாவுக்குத் தெரியவே இல்லை. மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு விரலை எடுத்தார்கள், கால் பிழைத்தது. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் முழங்கால்வரை போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபிறகு மாமாவுக்குச் சோமுவின்மேல் பயம் போய்விட்டது. கூப்பிட்டுப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டார். ஆனால் சிஸ்டர் வந்தால் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார். "பூனையாவது பூனையா கீது" என்றார் என்னிடம். "அந்தம்மா இன்னா?"

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு கேக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். அதுவரை நாங்கள் யாரும் உள்ளே போனதில்லை. ஒரு ரூம், ஒரு சமையலறை. துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். நாட்காட்டி என் முழங்கால் உயரத்தில் ஆணியடித்து மாட்டியிருந்தது. கண்ணாடியைத் தரையில் வைத்துச் சுவரில் சாய்த்திருந்தார். பாய், தண்ணீர்ச் சொம்பு, ஃபேன் எல்லாம் தரையில். என் இடுப்புக்கு மேலே அந்த வீட்டில் ஒன்றுமே இல்லை, வெறும் சுவர்தான். நிற்கிறபோது ஆளில்லாத வீட்டில் நிற்கிற மாதிரி இருந்தது. உட்கார்ந்ததும் ஒரு வீட்டுக்குள் வந்த மாதிரி இருந்தது.

"நீங்க பூன வளக்கலியா சிஸ்டர்?"

"எனக்கு எதுக்கும்மா?" என்றார்.

கேக்கைத் தட்டில் வைத்துவிட்டு, நான் வெளியே வந்து செருப்பு மாட்டினேன். வார் போடக்கூட நிற்காமல் தெருவுக்கு இறங்கினேன்.

அவரை வெறும் விசித்திரமான பெண் என்று எழுதிவிட்டால் அது நியாயமில்லை. சோமு மண் டப்பாவுக்குப் போவதும், குந்துவதும், எழுந்து வருவதும், மறுபடி போவதுமாக இருந்த அன்று, மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் ஊற்றப் பார்த்தேன். அவன் ஒரு மாதிரி கத்தினான். சிஸ்டருக்குப் போன் போட்டேன். டூட்டியில் இருந்தார்.

"ஒண்ணுக்கு வருதா? ஒரு சொட்டாவது?"

"இல்ல சிஸ்டர்."

"அடிவயித்தத் தொட்டுப் பாரு. கல்லு மாரி கீதா?"

"ஆமா."

"எண்ணெய்ய கீழ வையி. வண்டிய புடி. நான் வருவேன்னு நிக்காத. இதுக்கெல்லாம் குந்திப் பாக்குற வேல இல்ல. ஆம்பளப் பூனைக்கு ஒண்ணுக்கு அடச்சிக்கிச்சின்னா ஒரு நாள் தாங்காதும்மா, கிளம்பு."

மெட்ராஸ் பக்கத்தில் பூனைக்கு டியூப் போடத் தெரிந்த ஒரு டாக்டரின் விலாசத்தையும் போனிலேயே சொன்னார். சோமு பிழைத்துக்கொண்டான். கிட்னிக்கு அடி பட்டிருக்கிறது, ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் அந்த டாக்டர் அனுப்பினார்.

கவரப்பேட்டை வீட்டுக்கு அவரை அழைத்துப்போனது நான்தான். என் வீட்டுக்காரரோடு வேலை செய்கிற பையன் கல்யாணம் ஆகி அங்கே குடிபோயிருந்தான். அந்தப் பெண் மாசமாக இருந்தாள். பின்பக்க ரூமின் வாசற்படியை அவர்கள் பூனை முதலில் தாண்டவே இல்லையாம், வாசலிலேயே நிற்குமாம். பிறகு ஒருநாள் உள்ளே போய் நடுவில் உட்கார்ந்தது. மூலையைப் பார்த்தபடி உட்கார்ந்ததுதான், வெளியே வரவில்லை. சோறு வைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை. டாக்டர் சோதித்துவிட்டு, காது, கண், வயிறு எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

மத்தியான நேரம். ரூமில் ஒரு சாமான் கிடையாது. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர், ஒரு ஜன்னல், வெளியே எலுமிச்சைச் செடி. சிஸ்டர் பூனைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து அதே மூலையைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் பூனை எழுந்தது. சோம்பல் முறித்தது. எங்களைத் தாண்டி சமையலறைக்குப் போய், காய்ந்துபோன மீன்சோற்றைச் சத்தமாகத் தின்றது.

அந்தப் பெண் சந்தோஷத்தில் கையைத் தட்டினாள். சிஸ்டர் எழுந்திருக்கவில்லை.

டீ போட்டார்கள், குடித்தோம். பக்கத்துத் தண்டவாளத்தில் ரயில்கள் போயின. ஜன்னல் வெயில் தரையிலிருந்து சுவருக்கு ஏறியது. "சிஸ்டர், நேரமாவுது" என்றேன் வாசலிலிருந்து. அவர் தலை மூலையிலிருந்து திரும்பவில்லை. உள்ளே போகக் கால் வரவில்லை. பையனும் அந்தப் பெண்ணும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், போய்த்தான் ஆகவேண்டும் என்று ஆகிவிட்டது. போய்த் தோளைத் தொட்டேன். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். யார் இது என்று யோசிக்கிற பார்வை. எழுந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஊட்ட காலி பண்ணிடுங்க" என்றார் அந்தப் பெண்ணிடம்.

"ஏன் சிஸ்டர்? அங்க இன்னா கீது?"

"பூனைக்கு ஒண்ணும் இல்லம்மா. நீங்க காலி பண்ணிடுங்க."

அந்தப் பெண் பயந்து அழுதாள். அந்த மாசமே காலி செய்தார்கள். அந்த வீட்டின் சொந்தக்காரர் எங்கள் தெருவரைக்கும் வந்து சண்டை போட்டார். "நல்லா கீற ஊட்ட பேஜாரு பண்ணிட்டியேம்மா" என்று சிஸ்டரைக் கைநீட்டிப் பேசினார். சிஸ்டர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டார். இப்போது அந்த வீட்டில் வேறு குடும்பம் இருக்கிறது. பிள்ளைகள் அந்த ரூமில்தான் படிக்கிறார்கள். ஒன்றும் ஆகவில்லை. என் வீட்டுக்காரர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் ஸ்டேஷனில் வண்டிக்காகக் காத்திருந்த ஒரு சாயங்காலம் சிஸ்டர் தானாகவே என்னிடம் அந்தப் பேச்சை எடுத்தார்.

"அந்த ரூம்ல ஒண்ணும் இல்லம்மா."

"அப்ப ஏன் காலி பண்ணச் சொன்னீங்க?"

"ஒண்ணுமே இல்ல. அதான்." வண்டி வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். "அங்க குந்தினதும் டூட்டி, வாடக, இடுப்பு வலி, எல்லாம் போயிடிச்சி. பசி இல்ல. எந்திரிக்கணும்னே தோணல. நீ வந்து தொடலன்னா நான் எந்திரிச்சிருக்க மாட்டேன். அந்தப் பொண்ணு வயித்துல புள்ளையோட ஒரு நாளு அங்க போயி குந்திச்சின்னா இன்னா பண்றது?"

"உங்களுக்கு பயமா இல்லியா சிஸ்டர்?"

"அங்க குந்தினு இருந்தப்ப இல்ல" என்றார். "இப்பதான் கீது."

அதற்குப் பிறகு நான் அவரை எந்தப் பூனைக்கும் கூப்பிடக் கூடாது என்று இருந்தேன். மற்றவர்கள் கூப்பிட்டார்கள், போனார். முன்னெல்லாம் டீ ஆறுவதற்குள் எழுந்துவிடுகிறவரை, இப்போது வெளியே இருப்பவர்கள் இருமிக் கனைத்து எழுப்ப வேண்டியிருந்தது.

சோமுவின் கிட்னி கடைசியில் கைவிட்டது. தண்ணீராகக் குடித்தான், எலும்பாக இளைத்தான். ஊசி, டிரிப் எல்லாம் பார்த்தாயிற்று. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவன் எங்கள் இரும்புக் கட்டிலுக்கு அடியில், சூட்கேஸ்களுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டான். கூப்பிட்டால் வரவில்லை. வாயருகே வைத்த மீனை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவனுக்கு வலிக்கிறதா என்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது எனக்கு. வேறு யாரைக் கேட்பது? போன் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் சர்ச்சிலிருந்து வந்து உடுப்புகூட மாற்றவில்லை. சிஸ்டர் வந்தார், பையை என்னிடம் கொடுத்தார், சூட்கேஸ்களை நகர்த்திவிட்டுக் கட்டிலுக்கு அடியில் படுத்து ஊர்ந்து உள்ளே போனார். அவருடைய பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. பிறகு அவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டார்.

நானும் என் வீட்டுக்காரரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். முன்ரூமில் மாமா டிவியை அணைத்துவிட்டார். ரொம்ப நேரம் கட்டிலுக்கு அடியில் இரண்டு மூச்சு கேட்டது, ஒன்று வேகமாக, ஒன்று மெதுவாக. பிறகு இரண்டும் ஒரே மாதிரி கேட்டது. பிறகு ஒன்றுதான் கேட்டது. சிஸ்டரின் கை வெளியே வந்து, அவன் படுத்திருந்த டவலோடு சோமுவை என் பக்கம் மெல்லத் தள்ளியது. கண் பாதி மூடியிருந்தான். நான் அவனை மடியில் எடுத்துக்கொண்டு அழுதேன்.

கை மறுபடி உள்ளே போய்விட்டது. சிஸ்டர் வரவில்லை.

"சிஸ்டர், போதும், வாங்க" என்றார் என் வீட்டுக்காரர். குனிந்து பார்த்தார். மறுபடி கூப்பிட்டார். பிறகு பயந்துபோய்க் கட்டிலை ஒரு பக்கமாகத் தூக்கி நிமிர்த்திச் சுவரில் சாய்த்தார். சிஸ்டர் தரையில் சுருண்டு கிடந்தார், முழங்கால் முகத்தில் இடிக்க. கண் திறந்திருந்தது. ஜன்னல் வெளிச்சம் நேராக விழுந்தும் அந்தக் கண் கூசவில்லை. மூச்சு இருந்தது. கையைப் பிடித்தேன், பக்கெட்டில் இருக்கும் தண்ணீர்போலச் சில்லென்று இருந்தது. தொட்டால் திரும்புவார் என்று தோளை உலுக்கினேன். திரும்பவில்லை.

"சிஸ்டர், சிஸ்டர்" என்று கத்தினேன். என் வீட்டுக்காரர் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுக்கொண்டே வெளியே ஓடினார்.

மாமா வாசலைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். நான்கு விரல் காலோடு, சிஸ்டர் இருக்கும் ரூமுக்கு அவராக வந்தது அதுதான் முதல்தடவை.

"சிஸ்டர்னா எப்டிம்மா வரும்? அது பேரா? பேர சொல்லிக் கூப்புடு!"

அவர் பேர் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. யாரும் அந்தப் பேர் சொல்லி அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. காதருகே குனிந்து சொன்னேன். அசைவில்லை. இன்னொருமுறை சொன்னேன். மாமாவும் சொன்னார். இருட்டியும் விளையாடிக்கொண்டிருக்கிற பிள்ளையை வாசலில் நின்று கூப்பிடுவோமே, கோபமும் கெஞ்சலுமாக, அப்படி இரண்டுபேரும் மாறி மாறிக் கூப்பிட்டோம்.

இமை ஒருமுறை மூடித் திறந்தது. உதடு அசைந்தது.

"இரு... வரேன்."

ஆம்புலன்ஸ் வந்தபோது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பிரஷர் குறைவு என்று சொல்லி, ஒரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். நான் கூட இருந்தேன். சாயங்காலம், நான் கேட்காமலேயே சொன்னார்: "அவனுக்கு வலிக்கலம்மா. கடைசில ஒண்ணுமே வலிக்கல." எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

அதோடு விட்டுவிட்டார். பூனை என்று யார் வந்தாலும், "டாக்டராண்ட போங்க" என்று கதவைச் சாத்திவிடுவார். கொஞ்ச நாளில் வேலையையும் விட்டு, திருவாலங்காட்டில் இருக்கும் தங்கையின் வீட்டுக்குப் போனார். இப்போது காக்களூரில் ஒரு கம்பெனியில் அதே நர்ஸ் வேலை. கட்டில் வாங்கிப் போட்டு, அதில்தான் படுக்கிறார் என்று தங்கை சொன்னாள்.

எனக்கு அவ்வப்போது போன் வரும். பெரும்பாலும் சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரத்தில். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. "எம்பேர சொல்லும்மா" என்பார். சொல்வேன். "ம்" என்பார். வைத்துவிடுவார். முதலில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும். பிறகு பழகிவிட்டது. சப்பாத்தி தேய்த்துக்கொண்டே சொல்வேன், பஸ்ஸில் நின்றுகொண்டே சொல்வேன்.

போன வாரம் போன் வந்தபோது அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. எடுத்தேன். "பேர சொல்லு" என்கிற குரல் வரவில்லை. மூச்சு மட்டும் கேட்டது, மெதுவாக, தரையோடு தரையாக.

பேரைச் சொன்னேன். மூச்சு அப்படியே இருந்தது. அடுப்பை அணைத்தேன். மறுபடி சொன்னேன். வாசலுக்கு வந்து, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி உரக்கக் கூப்பிட்டேன். உள்ளேயிருந்து மாமா என்ன ஏது என்று கேட்கவில்லை. கட்டிலில் இருந்தபடியே அவரும் கூடச் சேர்ந்து கூப்பிட்டார்.

எத்தனை தடவை கூப்பிட்டோம் என்று தெரியாது. தொண்டை கட்டிவிட்டது.

"ம்" என்று கடைசியில் கேட்டது. "வந்துட்டேன்."

இந்த முறை அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.